டெல்லிக்கு ஏற்றிவிட்ட குட்டி

நம் வயதுப் பெண்களுக்கு இந்த டெல்லியில் கால் வைக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்த இடம் ஒன்றாவது இருக்கும். ஒருத்திக்கு மைத்துனர் வீடு, இன்னொருத்திக்கு ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு மிருகக்காட்சிசாலை. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து என் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. பிள்ளைகளை அவர்கள் அப்பாதான் கூட்டிப் போவார். பூரி சுட்டு, உருளைக்கிழங்கு வதக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு நான் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். மிருகக்காட்சிசாலையை ஒட்டிய புரானா கிலா வழியாகப் பஸ் போனால் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அங்கே ஒரு வரையாடு இருக்கிறது, அது என்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று எனக்கு ஒரு எண்ணம். இதை எப்படி வெளியே சொல்வது? வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பிறந்தது வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, எஸ்டேட் என்று நான் சொன்னதும் பக்கத்து வீடுகளில் கண்ணை அகல விரித்து, "சொந்தமா?" என்று கேட்பார்கள். வரிசையாகக் கட்டின லயன் வீடு, ஒற்றை அறை, அம்மாவும் அப்பாவும் கூலி என்று சொல்ல நாக்கு வராது. "ரொம்பக் குளிர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

வரை என்றால் செங்குத்துப் பாறை. வரையில் இருக்கிற ஆடு வரையாடு. எங்கள் லயனுக்கு மேலே தேயிலை முடிந்து சோலைக்காடு. காடு முடிந்தால் வெறும் புல்மலை. புல்மலை ஓரிடத்தில் கத்தியால் வெட்டியது போல முடியும். அந்த வெட்டில்தான் அவை இருக்கும். நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்த வருஷம், தை மாதம், புல்மலையில் தீ பரவாமல் இருக்கப் புல் செதுக்குகிற வேலைக்கு அப்பா போயிருந்தார். சாயங்காலம் கம்பளிக்குள் எதையோ மூடிக்கொண்டு வந்தார். அடுப்புப் பக்கத்தில் கம்பளியைப் பிரித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. காது பெரிது, கால் பெரிது, நடுவில் உடம்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

"தாயைச் செந்நாய் கொண்டுபோயிருச்சு. இது பாறை இடுக்குல நின்னுக்கிட்டு இருந்துச்சு. கத்தக்கூட இல்ல" என்றார் அப்பா.

"நம்ம புள்ளைங்களுக்கே பாலு இல்ல. இதுக்கு எங்க போறது?" என்றாள் அம்மா.

ஆனால் அவள்தான் அடுத்த வீட்டு ஆட்டுப் பாலில் துணித்திரியை நனைத்துச் சப்பக் கொடுத்தாள். முதல் நாள் துப்பியது. மறுநாள் அம்மாவின் விரலையும் சேர்த்துச் சப்பியது. பெட்டைக் குட்டி. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். தை மாதம்தான் அவை ஈனுமாம். ஒரு தாய்க்கு ஒரு குட்டி, இரண்டு போடுவது அபூர்வம். பிறந்த அன்றே எழுந்து நிற்கும், மறுநாள் தாய் பின்னால் பாறையில் ஏறும். ஏறத் தெரியாத குட்டிக்கு அங்கே வேலையில்லை.

வீட்டு ஆடு போலத்தான் இருக்கும் என்று நினைத்தோம். இல்லை. வளர வளர வேறாக இருந்தது. தாடி கிடையாது. பெட்டைக்கும் கொம்பு உண்டு. குறுக்கே விரியாமல் பின்பக்கம் வளையும். எங்கள் குட்டிக்கு அது முளைவிட்டபோது சுவரில், கதவில், அண்ணன் முதுகில் தேய்த்துக்கொண்டே இருக்கும். சாம்பல் நிறம் போய்ப் பழுப்பு வந்தது. முன்னங்கால் முட்டியில் கறுப்புத் திட்டு விழுந்தது. வெல்லம் நீட்டினால் வராது, உப்பு என்றால் உயிர். தேயிலைக் காட்டிலிருந்து அம்மா வந்து உட்கார்ந்ததும் அவள் கழுத்து வேர்வையை நக்கும். "சீ, போ சனியனே" என்பாள், கழுத்தை நகர்த்த மாட்டாள்.

லயனில் அதற்குப் பிடித்த இடம் தகரக் கூரை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு தாவு, அங்கிருந்து கூரைக்கு ஒரு தாவு. தகரம் சடசடக்கும். கங்காணி வெளியே வந்து திட்டுவார். அது கூரை விளிம்பில் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கீழே பார்க்கும். எப்போதும் கீழேதான்.

"அதுக்கு ஆபத்து கீழ இருந்துதான் வரும். சிறுத்தையோ செந்நாயோ எதா இருந்தாலும் சரிவுல ஏறித்தானே வரணும். மேல இருந்து வந்தா ஏமாந்துரும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். மத்தியானத்தில் கூட்டமே பாறையில் படுத்து அசை போடும்போது ஒரு பெட்டை மட்டும் படுக்காமல் நின்று காவல் பார்க்குமாம். ஏதாவது அசைந்தால் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொரு பெட்டை எழுந்து முறை மாற்றிக்கொள்ளுமாம். எங்கள் குட்டி மத்தியானத்தில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அசை போட்டுக்கொண்டு கூரை மேல் நின்றுகொண்டே இருக்கும். அதற்கு முறை மாற்ற ஆள் இல்லை என்று எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. நாங்கள் அதைத் திமிர் என்றோம்.

சித்திரையில் அப்பா அதைக் கூட்டத்தில் விட்டுவிட முடிவு செய்தார். மாசியில் பழைய புல்லைத் தீ வைத்து எரித்த இடத்தில் இளம்புல் கிளம்பியிருந்தது, அதை மேய அவை வரும். நானும் அண்ணனும் கூடப் போனோம். அன்றைக்குத்தான் நான் கூட்டத்தைப் பார்த்தேன். தாய்களும் குட்டிகளும் ஒரு பக்கம். தள்ளித் தனியாக ஒரு கிழக்கிடா, கறுப்பாக, முதுகில் மட்டும் வெள்ளை, சாக்கு போர்த்தியது போல. வயதாக ஆகத்தான் அந்த வெள்ளை வரும், அது வருகிற வரை பிழைத்துக் கிடப்பதே பெரிது என்றார் அப்பா. கிடாக்கள் வருஷமெல்லாம் தனியாகத் திரியும். மழைக்காலம் வந்தால் கூட்டத்துக்குள் புகுந்து பெட்டைகளுக்காக ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், மழை விட்டதும் விலகிப் போய்விடும்.

அப்பா குட்டியை இறக்கி விட்டார். ஒரு பெட்டை காலைத் தரையில் தட்டி விசில் அடித்தது. அவ்வளவுதான். கூட்டம் முழுக்க வரைக்குள் கல் உருண்டது மாதிரி இறங்கிவிட்டது. எங்கள் குட்டி விளிம்பு வரை ஓடி நின்றது. கீழே பார்த்தது. பிறகு திரும்பி எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

"புகை நாத்தமும் கம்பளி நாத்தமும் அடிக்குது அதுமேல. எப்படிச் சேத்துக்கும்?" என்றார் அப்பா, வாசலில்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு மழை பிடித்தது. வால்பாறை மழை என்றால் உங்களுக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியாது. டெல்லியில் ஒரு மழை பெய்தால் பக்கோடா போடுகிறோம். அங்கே பெய்ய ஆரம்பித்தால் துணி காயாது, விறகு எரியாது, கால்விரல் இடுக்கெல்லாம் அட்டை. கொழுந்தும் குறைந்துவிடும், வேலையும் குறைந்துவிடும், அரிசியும் குறைந்துவிடும். அம்மா கஞ்சியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாள். குட்டி கூரை மேல் நனைந்துகொண்டு நிற்கும். மஞ்சு மூட்டத்துக்குள் எங்கோ கிடா முட்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் தலையை நிமிர்த்தும்.

ஆடியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கூரையில் அது இல்லை.

"குட்டி எங்கம்மா?"

"டெல்லிக்கு ஏத்தி விட்டாச்சு கண்ணு."

"எதுக்கு?"

"எஸ்டேட் துரைக்கு ஆர்டர் வந்துச்சு. அங்க மிருகமெல்லாம் வெச்சிருக்காங்களாம். பெரிய பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்களாம்."

"அழுவுச்சா?"

"அழுவல. லாரில தாவி ஏறி நின்னுச்சு."

"அங்க குளிருமா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நம்ம ஊர விடக் குளிரும்" என்றாள்.

நான் அழவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பேச்சில் சமவெளி என்றால் 'கீழே'. பொள்ளாச்சிக்குப் போகிறவர்கள் இறங்கிப் போவார்கள், தேயிலைப் பெட்டியை இறக்கி அனுப்புவார்கள். யாராவது ஊரை விட்டுப் போனால் 'இறங்கிட்டாங்க' என்போம். ஏறுவது என்றால் மலைக்குத்தான். அம்மா டெல்லிக்கு 'ஏத்தி விட்டாச்சு' என்றாள். அப்படியானால் டெல்லி எங்கள் மலையைவிடப் பெரிய மலை, அங்கே இதைவிடப் பெரிய வரை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய தேசப் படத்தில் பார்த்தேன். டெல்லி மேலேதான் இருந்தது. நாங்கள் கீழே மூலையில் இருந்தோம். அதற்குமேல் என்ன வேண்டும்?

எல்லோரிடமும் சொன்னேன். வாத்தியாரிடம் சொன்னேன். தண்ணீர்க் குழாயில் நிற்கிற பெண்களிடம் சொன்னேன். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, "அப்படியா தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொழுந்துக் கூடை தூக்கினேன். பிறகு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு டெல்லியில் சர்க்கார் ஆபீசில் ஃபைல் கட்டுகிற வேலை என்றதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தூரம் என்பதால் என்று நினைத்தேன்.

ரயிலில் நான் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

"எப்ப ஏறும்?"

"யார் ஏறணும்?"

"ரயிலு. மலைக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் எதிர் பெஞ்சுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். வந்து இறங்கியது நல்ல வெயில் காலம். காற்று அடுப்பிலிருந்து வருவது போல வந்தது. ஊர் தட்டையாக, முடிவே இல்லாமல் கிடந்தது. ஸ்டேஷன் வாசலில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து நான் அழுதேன். அம்மா வீட்டு ஞாபகம் என்று அவர் இங்கே பன்டா என்கிற கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். குட்டியை இந்த வெயிலுக்கா அனுப்பினோம், அதைப் போய் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்றுதான் அழுதேன். "என் பெண்டாட்டி டெல்லியில் மலை தேடினவள்" என்று அவர் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுப்பேன். அது செத்திருக்கும், ஆடு அத்தனை வருஷம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நிற்க முகமில்லை.

தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலத்தில் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் மிருகக்காட்சிசாலைக்குப் பிக்னிக் போவதாக ஏற்பாடு ஆயிற்று. மாடி வீட்டு மாமி தஞ்சாவூர்ப் பக்கம். என் வயதுதான். விட மாட்டாள்.

"முட்டி வலி மாமி."

"நேத்து மதர் டைரிக்குப் பால் வாங்க ஓடினியே, அது யாரோட முட்டி?"

பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் நான் முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து அவள் கேட்க, வேறு வழியில்லாமல் குட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். லயன் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மாமி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அதென்ன வரையாடு? கோலம் வரையுமா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அசடே, இதைப் போயா இத்தனை வருஷம் மனசுல வெச்சுண்டிருக்கே? வா, இன்னிக்குக் கேட்டுடலாம்" என்றாள்.

அவள் மெதுவாகக் கேட்கிற ஜாதி இல்லை. உள்ளே போனதும் தீனி வண்டி தள்ளிக்கொண்டு வந்தவனை மறித்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற குரலில், "பையா! மதராஸ் கீ பக்ரி கஹாங் ஹை?" என்றாள்.

அவன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். "மாதாஜி, ஆடு பார்க்கவா டிக்கெட் வாங்கினீங்க? தெருவுக்குத் தெரு நிக்குதே" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். கூட வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமி விடாமல் கூண்டு கூண்டாகக் கூட்டிப் போனாள். மானைக் காட்டி "இதா?" என்பாள், நீல்காய் மானைக் காட்டி "இதா?" என்பாள். நான் இல்லை இல்லை என்று தலையாட்டி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன். நான் பயந்த கம்பி எங்குமே இல்லை.

அன்று சாயங்காலம் மாடியில் மாமியின் வீட்டுக்காரர், மந்திரி அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர், ரிட்டையர் ஆக இருப்பவர், பேப்பரைத் தாழ்த்தி என் வயதைக் கேட்டார். மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"நீங்க மூணாம் கிளாஸ் படிச்சப்போ டெல்லியில இந்த ஜூவே கிடையாதேம்மா. அது அப்புறம்னா வந்தது" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தாள்.

"அப்போ எங்கேடி போச்சு அது? உங்க அண்ணாவுக்கு ஒரு போன் போடேன்" என்றாள்.

அம்மா, அப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் இருந்தான். பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்தால் கூப்பிட்டு விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன். மாமி பச்சைப் பட்டாணி வாங்கப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்ணன் மூச்சு வாங்க வந்தான்.

"என்ன புள்ள, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்ணே. ஒண்ணு கேக்கணும். நம்ம லயன்ல ஒரு வரையாட்டுக் குட்டி வளத்தமே."

"எது, கூரை மேல நிக்குமே, அதா?"

"அதான். டெல்லிக்கு ஏத்தி விட்டாங்களே, அது எங்க போச்சுண்ணே?"

அவன் சிரித்தான். வயதான சிரிப்பு, இருமலோடு.

"நீ இன்னுமா அதை நம்பிக்கிட்டு இருக்க? டெல்லிக்கும் போகல கில்லிக்கும் போகல. நம்ம சட்டிக்குத்தான் போச்சு."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆடி மழை புள்ள. லயன்ல பாதி வீட்டுல அடுப்பே எரியல. அப்பாதான் ராவோட ராவா... ஆளுக்கு ரெண்டு துண்டு வந்துச்சு. துரைக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவான். நீ வேற ஓட்டை வாய், பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிருவ. அதான் அம்மா டெல்லின்னு சொல்லிச்சு. நீ டெல்லி டெல்லின்னு ஊரெல்லாம் சொன்னதும் நல்லதாப் போச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உன்னைத் தவிர."

"நான்... நான் சாப்பிடலதானே?"

"நல்லாக் கேட்ட போ! கங்காணி வீட்டு ஆடு பள்ளத்துல விழுந்துருச்சுன்னு சொல்லிக் கொடுத்தோம். இன்னும் இன்னும்னு கேட்ட நீ. அம்மா தன் பங்கையும் எடுத்து உனக்கே போட்டுச்சு. அம்மா ஒரு வாய் தின்னல. ஞாபகம் இல்ல?"

இருந்தது. அவன் சொல்லச் சொல்ல வந்தது. சுடச்சுடச் சோறு. வெளியே மழை. அம்மா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ருசியும் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வயிறு நிறைந்த ஒரே நாள் அதுதான். எலும்பைக்கூடச் சப்பினேன்.

அண்ணன் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான். வைத்துவிட்டேன்.

வெளியே மாமி பட்டாணிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு? அண்ணா என்ன சொன்னார்?"

"டெல்லிக்கு அது வரவே இல்லையாம் மாமி."

"அப்பாடா!" மாமி பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பெருமாள் காப்பாத்தினார். இந்த வெயில்ல அது என்ன பாடு பட்டிருக்கும்! மலையிலேயே இருந்துடுத்து பார்த்தியா? குட்டி போட்டு, அந்தக் குட்டி குட்டி போட்டு, இன்னிக்கு ஒரு கூட்டமே நின்னுண்டிருக்கும். நீ என்னடான்னா முகத்தைத் திருப்பிண்டு பஸ்ஸில போயிண்டிருந்தே."

"ஆமாம் மாமி."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வீடு வரும் வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். எனக்குக் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டு மாமி தன் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள்.